ஒன்னாயிட்டா போதும்

பாக்யலட்சுமி கதவைத் தட்டவில்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றுகொண்டு செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஆம்பூரில் புதன்கிழமை காலை எட்டரை மணி என்றால் ஷூ கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற நேரம். அந்த இரைச்சலில் அவள் "அக்கா" என்று கூப்பிட்டது உள்ளே கேட்கவில்லை. முதலில் பார்த்தவர் ஜெயசீலன்தான். முப்பத்தோரு வருஷம் தபால்காரராக இருந்தவர். வாசலில் நிற்கிற முகத்தைப் பார்த்தே வீட்டில் என்ன சங்கதி என்று சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை.

"கேஸ் வந்திருக்கு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆள் வந்திருக்காங்கன்னு சொல்லுங்க," என்றாள் ஹெலன். அவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கான புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஹெலன் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள். டாக்டர்கள் அவசரத்தில் கிறுக்கி வைப்பதை மற்றவர்கள் படிக்கும்படி எழுதி வைப்பதுதான் வேலை. ஓய்வுபெற்று ஆம்பூருக்கு வந்த பிறகு தெருவில் உள்ளவர்கள் மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் பத்திரம் வந்தது. அப்புறம் காணாமல் போன வளையல், சர்ச் ஆர்மோனியத்தைக் கெடுத்தது யார் என்கிற சண்டை, எல்லாம் வந்தன. ஆர்மோனியத்தைக் கெடுத்தது எலி. அதைக் கண்டுபிடித்ததில் பாதிப் பங்கு தன்னுடையது என்று ஜெயசீலன் சொல்லிக்கொள்வார். ஹெலனும் மறுத்ததில்லை; எலிப்பொறி அவர் வாங்கி வந்ததுதானே.

பாக்யலட்சுமியை இருவருக்கும் தெரியும். அடுத்த தெரு. அவள் கணவர் கோதண்டபாணி ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்டர். பதனிட்டுச் சாயம் ஏற்றி முடித்த தோல்களை மேஜைமேல் விரித்து, கீறல், உண்ணி கடித்த தழும்பு, சாயத் திட்டு எல்லாம் கண்ணாலேயே பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று சாக்பீஸால் குறி போடுகிற வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதே மேஜை. அவர் போட்ட குறியைத் தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரன்கூட மாற்றியதில்லை என்பார்கள்.

அவள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மெல்ல மெல்லச் சொன்னாள். அவர்மேல் ஒரு புகார். மூன்று மாதம் முன்பு தரப் பரிசோதனைக்கு வேலையில் சேர்ந்த பூங்குழலி என்கிற பெண் சனிக்கிழமை எழுதிக் கொடுத்திருக்கிறாள்: கோதண்டபாணி அவளைப் பார்த்துக் கண்ணடித்தார், தகாத பேச்சு பேசினார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பாக்யலட்சுமிதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள்.

"நான் மொதல்ல சிரிச்சிட்டேங்க்கா. எங்க வீட்டுக்காரரு கண்ணடிச்சாருன்னா சிரிப்பு வராதா? கல்யாணத்தன்னிக்கே என்னைத் தலைநிமிர்ந்து பாக்கல அந்த மனுஷன். அப்புறம்தான் அந்தச் சீட்டு நெனப்பு வந்துச்சு."

போன வாரம் சட்டை துவைக்க எடுத்தபோது பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்ததாம். இங்கிலீஷ் எழுத்து. பாக்யலட்சுமி ஒன்பதாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது; மறுபடி பையிலேயே வைத்துவிட்டாள். பிறகு தேடினால் காணோம்.

"இன்னா எழுதியிருந்துச்சு?" என்று ஜெயசீலன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"டிப்ளமோ ப்ரியா. அதுக்குக் கீழ நாலு பி.எம். அவ்ளோதான் பாத்தேன்."

ஹெலன் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். கவனமாகக் கேட்கிறாள் என்று அதற்கு அர்த்தம், ஜெயசீலனுக்குத் தெரியும்.

பாக்யலட்சுமியிடம் இன்னும் இருந்தது. போன மாதம் நெமிலியில் துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று ஒருநாள் லீவு போட்டார். நெமிலியில் இருக்கிற நாத்தனாருக்குப் போன் செய்து கேட்டால், இங்கே யாரும் சாகவில்லையே என்கிறாள். ஒரு மாதமாக மொபெட்டை எடுப்பதில்லை, பஸ்ஸில் போகிறார். வண்டியை எங்கேயாவது யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிடுகிறார். போன வாரம் தம்ளருக்கு வெளியே மோரை ஊற்றினார். நினைப்பு வேறெங்கோ இருந்தால் கை எங்கே போகும்?

"அங்க ஊரான் பொண்ணப் பாத்துக் கண்ணடிக்கத் தெரியுது. இங்க என் மூஞ்சியப் பாக்கக்கூடப் பிடிக்கலங்க்கா, கண்ணை மூடிக்கிறாரு." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. "வேல போறது போவட்டும். எனக்கு உண்மை தெரியணும். இல்லன்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் காவேரிப்பாக்கம், எங்க அண்ணன் வீட்டுக்குப் போய்டுவேன். பை கட்டி வெச்சிருக்கேன்."

நீ கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்று ஹெலன் விசாரித்தாள். ஒன்றும் சொல்லவில்லையாம். விசாரணையில் மன்னிப்புக் கேட்டு, வேலையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

"சரி. காலையில எப்படி இருப்பாரு?"

பாக்யலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "காலையில தங்கம்க்கா. முந்தாநாள்கூட ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெக்க ஊசியில நூல் கோத்துக் குடுத்தாரு. எனக்குத்தான் கண்ணு தெரியல, அவருக்கு ஒரே தடவையில போச்சு."

அவள் போனதும் ஜெயசீலன் தன் முடிவைச் சொல்லிவிட்டார். ப்ரியா என்கிற பெண் இருக்கிறாள், டிப்ளமோ படித்தவள். இந்தப் பக்கத்தில் டிப்ளமோ என்றால் தோல் தொழில்நுட்பம்தான். நாலு மணிக்கு அவர்கள் சந்திக்கிறார்கள். பழைய தபால்காரனுக்கு ஆம்பூரில் ஒரு ப்ரியாவைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமா?

"கண்டுபிடிங்க," என்றாள் ஹெலன். "அப்படியே சாயங்காலம் நாலரைக்கு அந்த ஃபேக்டரி வாசல்ல டீக்கடையில நில்லுங்க. அவரு வெளிய வந்தா இன்னா செய்றாருன்னு மட்டும் பாருங்க. நெனைக்கறது வேண்டாம், பாத்தத சொல்லுங்க."

ஜெயசீலன் அன்று மத்தியானத்துக்குள் மூன்று ப்ரியாக்களைக் கண்டுபிடித்தார். ஒருத்தி தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிற இரண்டு வயதுக் குட்டி. இன்னொருத்தி பேரன் பேத்தி எடுத்தவள், நகராட்சியில் துப்புரவு மேற்பார்வை. மூன்றாமவள் பேர்ணாம்பட்டில் கல்யாணமாகிப் போய் நாலு வருஷம் ஆகிறது. மனம் தளராமல் டீக்கடைக்குப் போனார். அங்கேதான் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார். "என் ரெண்டு கண்ணால பாத்தேன் ஹெலன். மனுஷன் ரோட்டோரம் நின்னுக்கிட்டு, வந்த பஸ்ஸப் பாத்துக் கண்ணடிச்சாரு. நிச்சயமா. பஸ்ஸுக்குள்ள அந்தப் பொண்ணு இருந்திருக்கணும்."

"யாரு இருந்தாங்க பஸ்ஸுல?"

அது அவ்வளவாகத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பஸ் தூரத்தில் வரும்போதே கண்ணடித்துவிட்டார்.

"தூரத்துல வர்றப்பவே. எங்க பாத்தாரு, ஜன்னல் பக்கமா?"

ஜெயசீலன் யோசித்தார். ஜன்னல் இல்லை. முன்பக்கம், டிரைவர் தலைக்கு மேலே.

"போர்டு இருக்கிற எடம்," என்றாள் ஹெலன். "ஏறினாரா?"

"இல்ல. அது குடியாத்தம் பஸ்ஸு. விட்டுட்டாரு."

அவள் தலையாட்டிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். ஜெயசீலனுக்குப் பின்மண்டையில் ஏதோ உறைத்தது. இரவுச் சாப்பாட்டில் திடீரென்று சொன்னார்: பார்வைக் கோளாறு. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார், அந்தப் பெண் தப்பாக நினைத்துவிட்டாள். ஹெலன் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அது பாராட்டா ஆறுதலா என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குப் பால் வாங்குகிற இடத்தில் கோதண்டபாணியைப் பிடித்தார். கண்ணாடியை மறந்துவிட்டேன், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று பேப்பரின் வரி விளம்பரத்தை நீட்டினார். கோதண்டபாணி இரண்டு கண்களையும் அகலத் திறந்து, பொடி எழுத்தைக் கடகடவென்று படித்தார். எதிர்ச்சாரியில் மூன்றாவது மாடியில் காய்கிற துணியில் கிழிசல் இருப்பதைக்கூடக் காட்டினார். ஒரு கோளாறும் இல்லை. ஜெயசீலன் பாலை வாங்கிக்கொண்டு சோர்ந்துபோய்த் திரும்பினார்.

"கண்ணு பிரமாதமா இருக்கு. என் யோசனை தப்பு."

"தப்புன்னு யாரு சொன்னா," என்றாள் ஹெலன். "போன நேரந்தான் தப்பு."

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. பூங்குழலியிடம் பேசவேண்டும் என்றாள்.

வியாழன் மாலை ஷிஃப்ட் விட்டதும் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைச் சந்தித்தார்கள். இருபத்துமூன்று வயதிருக்கும். கிராமத்தில் விவசாயக் குடும்பம். வீட்டில் முதன்முதலாகப் படித்தவள், தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ. ஜெயசீலன் அந்தச் சொல்லைக் கேட்டு ஹெலனை இடித்தார், ஹெலன் கண்டுகொள்ளவில்லை. பூங்குழலி விறைப்பாகத்தான் பேசினாள். இரண்டு நாளாக ஆளாளுக்கு வந்து "அவரு அப்படிப்பட்டவரு இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். அப்படியென்றால் அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்கிறார்கள்? ராத்திரி தூக்கமில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட இருக்கிறது.

"நான் அதைச் சொல்ல வரலம்மா," என்றாள் ஹெலன். "நீ பாத்ததை எழுதியிருக்க. அதுல ஒரு எழுத்து மாத்தச் சொல்ல மாட்டேன். நீ பாத்தத எனக்கும் சொன்னீன்னா போதும்."

பெண் கொஞ்சம் இளகினாள். மூன்று முறை நடந்தது. முதல் இரண்டை விட்டுவிட்டாள். மூன்றாவது போன வெள்ளிக்கிழமை. மாதிரித் தோலை எடுத்துக்கொண்டு மேஜைக்கு எதிரில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு இடது கண்ணை மூடினார். வாய்க்குள்ளே "ஒன்னாயிட்டா போதும்" என்றார். அப்புறம் சிரித்தார்.

"ஒன்னாயிட்டா போதும்," என்று ஜெயசீலன் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவருக்கே காது சுட்டது. ஒரு ஆண் ஒரு பெண்ணைப் பார்த்து நாம் ஒன்றாகிவிட்டால் போதும் என்று சொன்னால் அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்கமுடியும்?

ஹெலன் மூன்றே கேள்வி கேட்டாள். மூன்று தடவையும் எத்தனை மணிக்கு? நாலு மணி டீக்குப் பிறகுதான், மூன்றும். எந்தக் கண்? எப்போதும் இடது. மூடிய கண்ணை உடனே திறந்தாரா?

"அதான் எனக்கு ஜாஸ்தி கோவம் மேடம்," என்றாள் பூங்குழலி. "தொறக்கவே இல்ல. மூடின கண்ணோடயே என் ஃபாரம்ல கையெழுத்துப் போட்டாரு. அவ்ளோ திமிரு."

ஹெலன் அவள் கையை ஒருதரம் பிடித்துவிட்டு விட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஜெயசீலனுக்குத் தெரிந்தது. தனக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் பேஜாராக இருந்தது.

ஆறு மணிக்குக் கோதண்டபாணி வீட்டில் இருந்தார்கள். அவர் டிவி முன்னால் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பாக்யலட்சுமி சமையலறை வாசலில் புடவையைச் செருகிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கதவோரமாக அந்தப் பை. கோதண்டபாணி எழுந்து, வாங்க வாங்க என்று உபசரித்து, சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் தம்ளருக்கு இரண்டு விரல்கடை தள்ளி மேஜையில் கொட்டியது.

"பாருங்க, நான் சொன்னேன்ல," என்றாள் பாக்யலட்சுமி.

ஹெலன் மேஜையைத் துடைக்கவில்லை. "அண்ணே, ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஊத்துங்க," என்றாள்.

டிவியில் யாரோ பருப்பு விளம்பரத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். கோதண்டபாணி இடது கண்ணை மூடினார். சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் கம்பிபோலத் தம்ளரின் நடுவில் இறங்கியது.

"அடப்பாவி, அக்காவப் பாத்துமா," என்று பாக்யலட்சுமி ஆரம்பித்தாள். ஹெலனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அந்தச் சீட்டு எங்கண்ணே?"

மொபெட்டின் டூல் பெட்டியில் இருந்தது. அவரே போய் எடுத்துவந்து கொடுத்தார். வேலூரில் ஒரு கண் டாக்டர் எழுதிய சீட்டு. ஹெலன் அதை விளக்கடியில் பிரித்து, பாக்யலட்சுமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துக் காட்டினாள்.

"நீ படிச்சது தப்பில்ல, டாக்டர் கையெழுத்து அப்படி. இது ப்ரியா இல்லம்மா, பியா. முழுசா ஒரே வார்த்தை. டிப்ளோபியா. டிப்ளோன்னா கிரேக்க பாஷையில இரட்டை. பின்னாடி வர்றது பார்வை. ஒண்ணு ரெண்டாத் தெரியறது."

"டிப்ளமோ இல்லியா அப்ப?" என்றார் ஜெயசீலன், கொஞ்சம் ஏமாற்றத்துடன்.

"அதுவும் அதே குடும்பந்தான். ரெண்டா மடிச்ச காகிதம்னு அதுக்கு அர்த்தம். நீங்க ரொம்பத் தூரம் போகல, பக்கத்து வீட்டுக் கதவத் தட்டினீங்க." பிறகு பாக்யலட்சுமி பக்கம் திரும்பினாள். "கண்ணு மங்கலா இருக்குன்னா டாக்டர் இந்த வார்த்தைய எழுத மாட்டாரு. ஒரு பொருள் ரெண்டு பொருளா நின்னாதான் எழுதுவாரு. எழுதின கையோட இன்னொண்ணும் எழுதுவாரு: ஒரு கண்ண மூடினா ரெண்டாவது போயிடுதா, அப்படியே இருக்குதான்னு. மூடியும் இருந்தா, தொறந்திருக்கிற கண்ணுலயே கோளாறு, புரை விழுந்த மாதிரி. போயிடுச்சுன்னா ரெண்டு கண்ணும் தனித்தனியா நல்லாத்தான் இருக்கு. சேந்து ஒரே எடத்தப் பாக்க மாட்டேங்குது. இங்க பாரு, கீழ எழுதியிருக்காரு: ஒரு கண்ணை மூடினால் சரியாகிறது. நாலு பி.எம்முக்கு மேல் அதிகம். ரத்தப் பரிசோதனையோட பத்து நாள்ல திரும்ப வரவும்."

ஜெயசீலனுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. விளங்க விளங்க வாய்விட்டுக் கேட்டார். பஸ்? இரண்டு போர்டு தெரிந்தது; எது நிஜம் என்று பார்க்க மூடினார். மொபெட்? இரண்டு ரோடு தெரிகிறபோது யார் வண்டி ஓட்டுவார்கள்? நெமிலித் துக்கம்தான் வேலூர் ஆஸ்பத்திரி. டிவி முன்னால் கண்ணை மூடுவது வெறுப்பில்லை, ஓய்வு.

"ஆனா காலையில ஊசியில நூல் கோத்தாரே? எனக்குப் பேப்பர் படிச்சாரே?"

"அதுதாங்க எனக்கு மொதல்ல பொறி தட்டின எடம்," என்றாள் ஹெலன். "காலையில தங்கம், சாயங்காலம் தடுமாற்றம். திருட்டுத்தனம் பண்றவங்க நேரம் பாத்துப் பண்ணுவாங்க, சரி. மோர் கொட்டறதுக்கும் பஸ்ஸுக்கும் கையெழுத்துக்கும் ஏன் அதே நேரம் ஒத்துவரணும்? கண்ண அசைக்கிற தசை பொழுதாக ஆக அலுத்துப்போற சீக்கு ஒண்ணு உண்டு. எங்க பதிவேட்டுல நெறைய எழுதியிருக்கேன். இது அதுவா வேறயான்னு டாக்டர்தான் சொல்லணும். அதுவா இருந்தா மருந்து இருக்கு. கண்ணடிக்கிறவன் கண்ண மூடித் தொறப்பான். மூடிக்கிட்டே கையெழுத்துப் போடறவன் எழுத்தப் பாக்கத்தான் மூடறான்."

கோதண்டபாணி அப்போதுதான் வாயைத் திறந்தார். தோலில் கீறல் ஒன்றா இரண்டா என்று சொல்கிறவனுக்கே எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்று வெளியே தெரிந்தால் அந்த மேஜையில் யார் நிற்கவிடுவார்கள்? ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சரியாகத்தான் குறி போட்டுக்கொண்டிருந்தார், ஒன்றுகூடத் தப்பில்லை. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரிய பெயராக ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். கெட்டவன் என்று பேர் வாங்கிக்கொண்டு போனாலும் போகலாம், குருடன் என்று போகக்கூடாது என்று தோன்றிவிட்டது.

"இது உங்க கண்ணு. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்," என்றாள் ஹெலன். "நான் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க மன்னிப்புக் கேட்டுட்டுப் போய்ட்டீங்கன்னா, அப்பா வயசுல ஒருத்தர் நம்மள அப்படிப் பாத்தாருன்னு அந்தப் பொண்ணு ஆயுசு முழுக்க நெனச்சிட்டிருக்கும். அது நடக்கவே இல்லியே அண்ணே. நடக்காத ஒண்ண அது ஏன் சொமக்கணும்?"

பாக்யலட்சுமி எழுந்துபோய் மேஜையில் கொட்டிய தண்ணீரைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேலாளர் வாஹித் பாஷாவின் அறையில் நாற்காலி பற்றவில்லை. புகார்க் குழுவின் தலைவி, கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மாள், ஒரு பக்கம். பூங்குழலி இன்னொரு பக்கம். கோதண்டபாணி கேட்டுக்கொண்டதால் ஹெலனையும் பாக்யலட்சுமியையும் உள்ளே விட்டார்கள். ஜெயசீலன் யாரும் கேட்காமலேயே வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

கோதண்டபாணி எழுந்து நின்று, சீட்டை மேஜைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். நான்கு வாக்கியம்தான். சொல்லி முடித்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது.

வாஹித் பாஷா நல்ல மனிதர்தான், ஆனால் மேலாளர். புகார் வந்த பிறகு தப்பிக்கிறதுக்காக வாங்கிய சீட்டாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"தேதியப் பாருங்க பாய்," என்றாள் ஹெலன். "புகாருக்கு மூணு வாரம் முன்னாடி. அன்னிக்கு இவரு லீவு போட்டது உங்க பதிவுலயே இருக்கும். நெமிலியில துக்கம்னு எழுதியிருப்பாரு. வீட்டுல கேட்டா அங்க யாரும் சாகல."

பதிவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். இருந்தது. குழுத் தலைவி சீட்டைப் பூங்குழலியிடம் கொடுத்தார். அவள் இரண்டு முறை படித்தாள். முகம் இளகவில்லை.

"கண்ணு சரி சார். வார்த்தை? ஒன்னாயிட்டா போதும்னு சொன்னீங்களே. என் காதால கேட்டேன்."

"சொன்னேம்மா," என்றார் கோதண்டபாணி. "நீ ரெண்டு பேரா நின்ன. ரெண்டு பேர் கையிலயும் தோலு. எதை வாங்கறதுன்னு தெரியல. இந்தப் பக்கமும் பாத்தேன், அந்தப் பக்கமும் பாத்தேன். ஒன்னாயிட்டா போதும்னு என் கண்ணுகிட்டச் சொன்னேன். உன்கிட்ட இல்ல."

"சிரிச்சீங்க."

"மூடினதும் ஒன்னாயிடுச்சு. அது நீதான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சவங்களப் பாத்தா சிரிக்கறதுதானேம்மா." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு பொண்ணு எதிர்ல நிக்குதே, அதுக்கு எப்படி இருக்கும்னு நான் யோசிச்சிருக்கணும். என் கண்ணப் பத்தியே யோசிச்சிட்டேன்."

பூங்குழலி அந்த வார்த்தையை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பதை ஜெயசீலன் கண்டார்: ஒன்னாயிட்டா போதும். முதலில் ஒரு விதமாக. பிறகு இன்னொரு விதமாக. அவள் தோள் கீழே இறங்கியது. ஒரு வாரமாக அது மேலேயே இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் எழுதினது தப்பில்ல," என்றாள்.

"தப்பே இல்லம்மா," என்றார் அவர். குழுத் தலைவியும் அதையே சொன்னார்.

அவள் பேனாவை எடுத்து, புகாரின் கீழே தன் கையால் எழுதினாள்: எனக்கு விளக்கம் கிடைத்தது, மேல்நடவடிக்கை வேண்டாம். காரணம் என்று இருந்த இடத்தில் சற்று நின்று, எழுத்து எப்படி என்று ஹெலனைக் கேட்டாள். ஹெலன் சொல்லச் சொல்ல எழுதினாள்: டிப்ளோபியா. அடைப்புக்குறிக்குள் இரட்டைப் பார்வை. எழுதி முடித்துவிட்டுச் சொன்னாள், "முன்னாடியே சொல்லியிருந்தா நாலு மணிக்கு மேல நானே படிச்சுக் காட்டியிருப்பேனே சார்."

வாஹித் பாஷா அதற்கப்புறம்தான் கஷ்டமானதைச் சொன்னார். டாக்டர் எழுத்துமூலம் சரி என்று கொடுக்கிறவரை அந்த மேஜையை அவருக்குக் கொடுக்க முடியாது. சேமிப்புக் கிடங்கில் காலை ஷிஃப்ட் மட்டும் பார்க்கலாம். இருபத்தெட்டு வருஷம். கோதண்டபாணி தலையாட்டினார். அவர் வெளியே வந்தபோது ஜெயசீலனுக்கு அவர் தோளைத் தட்டவேண்டும் போலிருந்தது, தட்டினார்.

வாசல் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் பாக்யலட்சுமி நின்றாள். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வேலூர், ரத்தப் பரிசோதனை, நான் கூட வருவேன், நெமிலியில் யாராவது செத்தால்கூட நிறுத்த மாட்டேன் என்றாள். அவர் சரி சரி என்றார்.

"இன்னொண்ணு கேக்கறேன். ஒரு மாசமா சாயங்காலம் காபி குடுக்கறப்ப, நானும் ரெண்டு பேராத்தான் வந்தேனா?"

"ரெண்டு பேருதான்."

"அப்ப எந்தப் பாக்யாவுக்குப் பதில் சொன்னீங்க?"

கோதண்டபாணி யோசித்தார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே திட்டத்தான் திட்டினீங்க. யாருக்குச் சொன்னா இன்னா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை; தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் போகிற சத்தத்தையும் மீறி அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, காவேரிப்பாக்கத்துக்குப் போட்டு, அண்ணே, நான் வரல, நீங்க ரெண்டு பேரும் தீபாவளிக்கு இங்க வாங்க என்றாள்.